முப்பது பேர் இருந்த கோட்டை

எங்க கோட்டையை நாலு தடவை இடம் மாத்தினாங்க, நாலு தடவையும் மேலிடத்து உத்தரவு, நாலு தடவையும் கதவு, நிலை, கோயில் மணி, கோழிக்கூடு, சீக்காளி, கைக்குழந்தைன்னு எல்லாத்தையும் நாங்கதான் சுமந்துக்கிட்டு நடந்தோம், உத்தரவு போட்டவங்க ஒருத்தர்கூட நடக்கலை. ஸ்பெயின் ராஜாவோட ராஜ்யத்துக்கு வடக்கு எல்லை எதுன்னு மெக்சிகோ பட்டணத்துல உக்காந்து வரைபடத்துல விரல் வைப்பாங்க, அந்த விரல் விழுந்த இடத்துல நாங்க போய் மண்ணு பிசைஞ்சு சுவர் எழுப்பணும். முதல் இடத்தை ஆறு அடிச்சுக்கிட்டுப் போச்சு. ரெண்டாவது இடத்துல ஆறே இல்லை. மூணாவது இடத்துல நல்ல ஊத்து இருந்துச்சு, ஆனா அது மலைச்சனங்களோட ஊத்து, பாட்டன் முப்பாட்டன் காலத்துலேர்ந்து அவங்க தண்ணி குடிச்ச இடத்தைச் சுத்தி நாங்க சுவர் கட்டினோம், அவங்க வந்து கூரைக்குத் தீ வச்சாங்க, நாங்க அவங்களைக் காட்டுமிராண்டின்னு மேலிடத்துக்கு எழுதினோம். எழுதினவன் நான்தான். பாதிரியாரை விட்டா அங்க எனக்கு மட்டும்தான் எழுதத் தெரியும்.

நாலாவது இடத்துக்கு சான் தெலெஸ்போரோன்னு பேர் வச்சாங்க. சொல்லி முடிக்கிறதுக்குள்ள வாய் வறண்டுடும், அதனால எல்லாரும் கோட்டைன்னே சொன்னோம். கோட்டைன்னதும் கருங்கல்லு, அகழி, பீரங்கின்னு நினைச்சுக்காதீங்க. சுடாத மண்கல்லுல நாலு சுவர், மழை பெஞ்சா கரையும், வெயில் அடிச்சா வெடிக்கும், நடுவுல ஒரு முற்றம், மூலையில மாதா கோயில், வெளியில கொஞ்சம் மக்காச்சோளம், அதுக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம். மக்காச்சோளம் ஒழுங்கா வந்ததே இல்லை, கல்லறைத் தோட்டம்தான் வருஷா வருஷம் பெருசாச்சு.

என் பேர் அனாஸ்தாசியோ. தினம் காலையில, சூரியன் கிழக்குச் சுவருக்கு மேல வந்ததும், முற்றத்துல வரிசையா நிக்கிற வீரர்களோட பேரைப் பட்டியலைப் பார்த்து உரக்க வாசிக்கிறது என் வேலை. பேரை வாசிச்சா "இருக்கேன் ஐயா"ன்னு குரல் வரணும். குறைஞ்சது முப்பது குரல் வந்தாத்தான் அது கோட்டை. இருபத்தொன்பது ஆச்சுன்னா கோட்டையைக் கலைச்சுட்டு, வீரனும் பொண்டாட்டியும் பிள்ளைகுட்டியும் சேர்ந்து தெற்கே இருநூறு காதம் நடக்கணும்னு சட்டம். நடக்கிறதுன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியும். மூணாவது இடத்துலேர்ந்து நாலாவது இடத்துக்கு வந்தப்ப வழியில பதினாறு குழந்தைகளைப் புதைச்சோம். அதுல ரெண்டு என் தங்கச்சி ரொமால்டாவோடது.

இங்க வந்த நாலாவது வருஷம் விஷக்காய்ச்சல் வந்துச்சு. ஒரே மாசத்துல பன்னிரண்டு வீரர்கள் போயிட்டாங்க. பாதிரியார் பெனிக்னோ சாகப்போறவங்களுக்கு அவஸ்தை பூசிப் பூசியே புனித எண்ணெய் தீர்ந்துபோய், கடைசி மூணு பேருக்குச் சமையல் கொழுப்பை மந்திரிச்சுத்தான் பூசினார். பன்னிரண்டாவதா போனவன் ஹசிந்தோ, ரொமால்டாவோட புருஷன், என் மாப்பிள்ளை. நல்ல மனுஷன். எங்க உக்காந்தாலும் தூங்கிடுவான், குதிரைமேல தூங்குவான், பூசையில நின்னுக்கிட்டே தூங்குவான், அவன் குறட்டையை வச்சு ரொமால்டா அவன் எங்க இருக்கான்னு கண்டுபிடிப்பா. அவனைப் புதைச்ச அன்னிக்கு, "இனிமே வீடு அமைதியா இருக்கும் அண்ணே"ன்னு சொல்லிட்டு என் தோள்ல சாஞ்சு அழுதா.

எங்க தலைவர் கேப்டன் மொந்தால்வோ கெட்டவர் இல்லை, அதை முதல்ல சொல்லிடணும். என்னைக் கூப்பிட்டு, "பன்னிரண்டு பேரும் பட்டியல்லயே இருக்கட்டும் அனாஸ்தாசியோ. நீ வாசி, நம்ம பசங்க அவங்களுக்குப் பதிலா குரல் கொடுத்துக்குவாங்க"ன்னார்.

"செத்தவங்க பேரையா ஐயா?"

"பின்ன? என் பொண்டாட்டி மாசமா இருக்கா. இந்த வயித்தோட இருநூறு காதம் நடக்க வைக்கச் சொல்றியா?"

பட்டியலை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டேன். எல்லைக் கோட்டைகள்ல இது புதுசும் இல்லை, செத்தவன் பேருக்கு உயிரோட இருக்கிறவன் குரலை மாத்திக் குரல் கொடுக்கிறது எல்லா இடத்துலயும் நடக்கிற திருட்டுத்தனம்தான். எழுதுற கையும் வாசிக்கிற வாயும் என்னோடதுன்னுதான் உறுத்துச்சு, ஆனா அந்தப் பதினாறு குழிகளை நினைச்சுக்கிட்டு உறுத்தலை ஓரமா வச்சேன்.

மறுநாள் காலையில வாசிச்சேன். இருபதாவது பேர் ஹசிந்தோ வெலார்தே. அவனுக்காகக் குரல் கொடுக்க வேண்டிய பஸ்குவால் தொண்டையைச் செருமினான், அதுக்குள்ள வரிசைக் கடைசியிலேர்ந்து "இருக்கேன் ஐயா"ன்னு சத்தம். ஹசிந்தோ நின்னுக்கிட்டிருந்தான். புதைச்சப்ப போட்டுவிட்ட அதே வெள்ளைச் சட்டை, முழங்கால்ல ஈரமண்ணு, நாங்க தாடையில கட்டின துணி கழுத்துக்கு இறங்கிக் கிடந்துச்சு. கேப்டன் அவனை மேலயும் கீழயும் பார்த்தார். "பொத்தானைப் போடு"ன்னார். அவன் போட்டான். நான் அடுத்த பேரை வாசிச்சேன், பன்னிரண்டு பேரும் ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்தாங்க, கணக்கு முப்பது சரியா இருந்துச்சு. "கலையலாம்"னு கேப்டன் சொன்னதும் பதினெட்டுப் பேர் கஞ்சி குடிக்கப் போனாங்க, பன்னிரண்டு பேர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாங்க.

யாரும் அலறி ஓடலை. ஓடுறதுக்கு எங்க இருக்கு இடம்? வெள்ளம் பார்த்தாச்சு, வறட்சி பார்த்தாச்சு, தீ பார்த்தாச்சு, காய்ச்சல் பார்த்தாச்சு, இப்ப இது, அவ்வளவுதான். முதல் ரெண்டு நாள் நாய்ங்க குரைச்சுச்சு, மூணாம் நாள் அதுங்களும் சலிச்சுப்போய்ப் படுத்துடுச்சு. விதவைங்க பன்னிரண்டு பேரும் கறுப்புத் துணியை என்ன பண்றதுன்னு கூடிப் பேசி, காலையில கழட்டி வச்சுட்டு மத்தியானத்துலேர்ந்து போட்டுக்கிறதுன்னு முடிவு பண்ணினாங்க. சிலபேர் ரொட்டி கொண்டுவந்து நீட்டினாங்க, செத்தவங்க மரியாதைக்கு வாங்கி மோந்து பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க. தெயோதோரான்னு ஒருத்தி, அவளோட செம்புப் பானையைப் புருஷன் சூதாட்டத்துல தோத்த விஷயமா பாதியில நின்ன சண்டையை மறுபடி எடுத்து, அவன் வரிசையில நிக்கிறப்பவே பதினோரு நாள் விடாம திட்டித் தீர்த்து, பன்னிரண்டாம் நாள் இப்பத்தான் மனசு லேசாச்சுன்னு எங்கிட்டச் சொன்னா. குழியைத் தினம் மூடித் தினம் தோண்ட யாரால முடியும்? மேல பலகையைச் சாத்தி வச்சோம். பாதிரியாரைக் கேட்டோம். கடைசி நாள்ல எக்காளச் சத்தத்துக்கு மரிச்சவங்க எழுந்திருப்பாங்கன்னு வேதத்துல இருக்கு, அனாஸ்தாசியோ சத்தத்துக்கு எழுந்திருப்பாங்கன்னு எங்கயும் இல்லைன்னார். ஆயருக்கு எழுதிக் கேக்கலாமே சாமின்னேன். பதில் வர பதினோரு மாசம் ஆகும், அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்னார்.

கேப்டனுக்கு அந்த யோசனை வந்தது அப்புறம்தான். இவங்களுக்குப் பசியில்லை, தாகமில்லை, இனிமே காய்ச்சல் வரப்போறதில்லை, எதுக்கு உயிரோட இருக்கிற பசங்க வெயில்ல காயணும்னு, சுவர்க்காவல் மொத்தத்தையும் செத்தவங்களுக்கே கொடுத்துட்டார். அவங்கவங்க தோல் சட்டையையும் துப்பாக்கியையும் பெட்டியிலேர்ந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தோம். அதுலேர்ந்து "கலையலாம்"ங்கிற வார்த்தையைப் பதினெட்டுப் பேரைப் பார்த்து மட்டும்தான் சொல்வார். ஒரு நாள் காலையில பேரை வாசிச்சா மறுநாள் காலை வரைக்கும் அந்த ஆள் கட்டுப்பட்டவன், கேப்டன் போகச் சொன்னாத்தான் போகலாம், உயிரோட இருந்தப்பவும் அதுதான் சட்டம், செத்தப்புறமும் அது மாறலை. மறுநாள் காலையில நான் மறுபடி வாசிப்பேன். இப்படியே பன்னிரண்டு பேரும் குழிக்குத் திரும்பாம ராவும் பகலும் சுவர்மேல நின்னாங்க. மலைச்சனங்க தூரத்துலேர்ந்து பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க, கண் சிமிட்டாத ஆளுங்க கிட்ட யாருக்குத்தான் வரத் தோணும்? எங்க பசங்க நிழல்ல உக்காந்து சீட்டாடினாங்க. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அந்த நாளெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

இதைப் பார்த்துப் பாதிரியாருக்கும் ஆசை வந்துடுச்சு. கோட்டைக்கு முப்பது வீரன் மாதிரி, மாதா கோயிலை ஒட்டி அவர் நடத்துற மிஷனுக்கு ஞானஸ்நானம் வாங்கின உள்ளூர்ச் சனங்க ஐம்பது பேர் இருக்கணும். காய்ச்சல்ல பாதி போயிருந்துச்சு, சிலபேர் ராத்திரியோட ராத்திரியா மலைக்குத் திரும்பியிருந்தாங்க, மிச்சம் இருபத்திரண்டு பேர்தான். ஒரு நாள் பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல நின்னு, ஞானஸ்நானப் புத்தகத்தை விரிச்சு, செத்துப்போனவங்க பேரை எல்லாம் வாசிச்சார். பிரான்சிஸ்கோன்னார், மக்தலேனான்னார், பெத்ரோன்னார், குரல் கம்முற வரைக்கும் கூப்பிட்டார். ஒருத்தரும் வரலை. பக்கத்துல தொமாசான்னு மிஷன்ல இருந்த அந்தச் சனத்துப் பொம்பளை தலை நிமிராம மக்காச்சோளம் அரைச்சுக்கிட்டிருந்தா.

"ஏன் தொமாசா, உன் தம்பி பெத்ரோகூட வரமாட்டேங்கிறானே?"

"அவனுக்கு அந்தப் பேர் இல்லையே சாமி. நீங்க தண்ணி ஊத்துனப்ப அப்படிச் சொன்னீங்க, அவன் தலையைத் துடைச்சுக்கிட்டான், அவ்வளவுதான்."

"சரி, அவனோட சொந்தப் பேரைச் சொல்லு, கூப்பிடுறேன்."

அவ மாவை ஒரு பக்கமா ஒதுக்கிட்டுக் கல்லைத் துடைச்சா. "சொல்ல மாட்டேன் சாமி. சொன்னா தினமும் கூப்பிடுவீங்க."

நான் பக்கத்துலயேதான் நின்னுக்கிட்டிருந்தேன். முகம் எரிஞ்சுது எனக்கு. எரிஞ்சு என்ன பண்ணினேன்? மறுநாள் காலையிலயும் முப்பது பேரை வாசிச்சேன்.

பசி இல்லை, தாகம் இல்லைன்னு கணக்குப் போட்டமே, அவங்களுக்குத் தூக்கம் இருக்குமேன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தோணலை. ஹசிந்தோதான் முதல்ல கொட்டாவி விட்டான். அடுத்து இன்னொருத்தன், அடுத்து பன்னிரண்டு பேரும், ஒருத்தன் முடிக்கிறப்ப அடுத்தவன் ஆரம்பிப்பான், சுவரைச் சுத்தி ஓயாம அந்தச் சத்தம். அந்த அசதி மெல்ல மெல்லச் சுவர்லேர்ந்து இறங்கி ஊருக்குள்ள வந்துச்சு. மாவு பொங்கலை. கோழி முட்டைமேல உக்காராம பக்கத்துல படுத்துக்கிச்சு, சேவல் மத்தியானம் எழுந்து ஒப்புக்கு ஒரு தடவை கூவிட்டு மறுபடி படுத்துச்சு. பஸ்குவாலும் தச்சனும் வேலித் தகராறுல கத்தியை உருவிக்கிட்டு நின்னவங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்லிட்டுத் திரும்பிப் போனாங்க. பாதிரியார் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைப் பாதியில நிறுத்திட்டார், மீதியைச் சொல்லி முடிக்கச் சபையில ஒருத்தருக்கும் தெம்பு இல்லை. கேப்டன் வீட்டுல ஆம்பிளைப் பிள்ளை பிறந்துச்சு, அது அழக்கூட இல்லை, எல்லாரையும் ஒரு தடவை பார்த்துட்டுக் கண்ணை மூடிக்கிச்சு. யாருக்கும் நோவு இல்லை, யாருக்கும் எதுவும் முடியலை.

ரொமால்டா தினமும் ஒரு குவளைத் தண்ணியும் துணியும் எடுத்துக்கிட்டு ஏணி ஏறிப்போய் ஹசிந்தோ முகத்தைத் துடைச்சுவிடுவா. கண்ணுல மண்ணு விழுந்தாக்கூட அவனால மூட முடியாது. "ஒரு நிமிஷம் சாஞ்சுக்கட்டுமா ரொமால்டா?"ன்னு கேப்பான். "சாஞ்சுக்கோங்க, நான் இருக்கேன்"னு தோளைக் கொடுப்பா. சாய்வான், தூக்கம் வராது, கேப்டன் போகச் சொல்லலையே. ஒரு நாள் நின்ன நிலையிலயே முன்னால சரிஞ்சு, ரெண்டு ஆள் உயரச் சுவர்லேர்ந்து தலைகுப்புற விழுந்தான். கூட்டம் கூடினோம். அவன் எழுந்து, துப்பாக்கியைத் தேடி எடுத்து, யார் முகத்தையும் பார்க்காம மறுபடி ஏணியில ஏறினான். அன்னிக்கு மத்தியானம் ரொமால்டா என் வீட்டுக்கு வந்தா.

"நாளைக்கு அவர் பேரை விட்டுடு அண்ணே."

"விட்டா இருபத்தொன்பதும்மா."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

"ஊரே நடக்கணும். போன தடவை என்னாச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"என்னைப் பார்த்தா அதைக் கேக்குற?"ன்னா. நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவ குரலை உயர்த்தலை, அதுதான் தாங்க முடியலை. "என் ரெண்டு பிள்ளையும் வழியில கிடக்கு. இவர் ஒருத்தரையாவது ஒழுங்கா ஒரு இடத்துல படுக்க வச்சேன்னு நினைச்சேன். அதையும் நீ தினம் காலையில வாயால எழுப்பிவிடுற. உனக்கு எழுத்து வருதுன்னு அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பூரிச்சாளே, இதுக்குத்தானா அண்ணே படிச்ச?"

மாதா திருநாளுக்கு முந்தி ஒரு பெரிய அதிகாரி கோட்டையைப் பார்வையிட வரப்போறதா சேதி வந்திருந்துச்சு. அவர் வந்து எண்ணிட்டுப் போகட்டும், அடுத்த பார்வைக்கு ரெண்டு வருஷம் ஆகும், அவர் குதிரை மறைஞ்ச மறுநிமிஷம் ஹசிந்தோ பேரை அடிச்சுடுறேன், எப்படியாவது சமாளிச்சுக்கலாம்னேன். "மாதா மேல சத்தியமா?"ன்னு கேட்டா. சத்தியம் பண்ணினேன். அதிகாரி திருநாளுக்கு வரலை, மழைன்னாங்க. மழை விட்டதும் வரலை, அவர் குதிரைக்குக் கால் வீக்கம்னாங்க. மாசம் ஆறு ஓடிப்போச்சு. ஒவ்வொரு நாள் காலையிலயும் வரிசைக்கு வர்றப்ப ஹசிந்தோ எங்கிட்ட நின்னு, "மச்சான், இன்னிக்கு ஒரு நாள் மறந்துடேன்"னு மெதுவா சொல்வான். "மறதி எல்லாருக்கும் வர்றதுதானே மச்சான்." நான் பட்டியலைப் பார்த்துக்கிட்டே நிப்பேன். வாசிப்பேன். "இருக்கேன் ஐயா"ம்பான்.

கடைசியில அந்த அதிகாரி, எவாரிஸ்தோ துரை, வந்து சேர்ந்தார். நல்லா தின்னு வளர்ந்த, சிரிச்ச முகம். சுவரைச் சுத்தி வந்து பார்த்துட்டு, இப்படி அசையாம நிக்கிற காவலை ராஜா அரண்மனையிலகூடப் பார்த்ததில்லைன்னார். சாப்பாட்டுல கேப்டன்கிட்ட, நான் பக்கத்துல நின்னு குறிப்பு எடுக்கிறப்பவே சொன்னார்: "நாளைக்குக் காலையில வாசிக்கிற முப்பது பேரையும் பேர் பேரா பிரதி எடுத்து முத்திரை வச்சு அனுப்பப்போறேன் கேப்டன். இனி பத்து வருஷத்துக்கு இந்தப் பட்டியலை யாரும் தொடக் கூடாது, இந்தக் கோட்டையை யாரும் நகர்த்தக் கூடாது."

சேதி ஊருக்குள்ள பரவினதும், எத்தனையோ மாசமா சிரிக்கத் தெம்பில்லாத சனம் முற்றத்துல வந்து நின்னு அழுதுச்சு. பத்து வருஷம் நடக்க வேண்டாம். பிறந்த பிள்ளை பிறந்த இடத்துலயே ஓடியாடும். கேப்டனோட பொண்டாட்டி குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு என் கையைப் பிடிச்சு, "நீங்க நல்லா இருக்கணும் அண்ணே"ன்னா. பட்டியலைத் தொடக் கூடாதுன்னா ஹசிந்தோ பேரையும் அடிக்க முடியாது, நான் ரொமால்டாவைத் தேடினேன். அவ எங்கிட்ட வரலை, சத்தியத்தை ஞாபகப்படுத்தலை. உள்ள போய்ச் சீப்பை எடுத்துக்கிட்டு ஏணி ஏறினா. மறுநாள் துரை முன்னால நிக்கணுமேன்னு ஹசிந்தோவுக்குத் தலை சீவிவிட்டா.

மறுநாள் சூரியன் கிழக்குச் சுவருக்கு மேல வந்துச்சு. செத்தவங்க இறங்கி வந்து வரிசையில நின்னாங்க. துரை நாற்காலியில, கேப்டன் பக்கத்துல, சுத்தி ஊரே. பட்டியலை விரிச்சு வாசிச்சேன். ஒண்ணுலேர்ந்து பத்தொன்பது வரைக்கும் வாசிச்சேன், பத்தொன்பது குரல் வந்துச்சு. அப்ப நிமிர்ந்து பார்த்துட்டேன். பார்த்திருக்கக் கூடாது. நான் பேரைச் சொல்றதுக்கு முன்னாடியே ஹசிந்தோ வாயைத் திறந்து தயாரா வச்சிருந்தான், பதில் சொல்லிப் பழகிப்போன வாய். எனக்கு அப்ப நியாயமும் தோணலை, வீரமும் வரலை, அந்த வாயைப் பார்க்க முடியலை, அவ்வளவுதான். இருபத்தொண்ணாவது பேரை வாசிச்சேன்.

"இருக்கேன் ஐயா"ன்னு அடுத்தவன் குரல் கொடுத்தான். ஹசிந்தோ வாயை மூடினான். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு துப்பாக்கியைச் சுவர்ல சாத்தி, தோல் சட்டையைக் கழட்டி மடிச்சுப் பக்கத்துல வச்சுட்டு, வரிசையை விட்டு நடந்தான்.

"யார் அந்த ஆள்? எங்க போறான்?"ன்னார் துரை.

"அவர் பேர் பட்டியல்ல இல்லீங்க துரை"ன்னேன் நான்.

ரொமால்டா நின்ன இடத்துக்கு வந்ததும் ஹசிந்தோ நின்னான். "படுக்கப் போறேன்"னான். வேலை முடிஞ்சு வந்த நாள்ல சொல்ற மாதிரிதான் சொன்னான். "சரி, போங்க"ன்னா அவளும். அவன் வாசலைத் தாண்டிப் போனான், கொஞ்ச நேரத்துல கல்லறைத் தோட்டத்துல பலகை நகர்ற சத்தம் கேட்டுச்சு. நான் மிச்சப் பேரை வாசிச்சு முடிச்சேன். துரை விரல்விட்டு எண்ணி, இருபத்தொன்பதுன்னார்.

"இன்னொரு தடவை வாசி அனாஸ்தாசியோ"ன்னார் கேப்டன். "ஏதோ விட்டுப்போயிருக்கும்பா. நல்லாப் பாரு."

அவர் பின்னால பொண்டாட்டி நின்னுக்கிட்டிருந்தா, தோள்ல குழந்தை. கெட்டவர் இல்லைன்னு முன்னாடியே சொன்னேனே. "எதுவும் விட்டுப்போகலை ஐயா"ன்னேன்.

துரை வருத்தப்பட்டார், உண்மையாவே வருத்தப்பட்டார், ஆனா சட்டம் சட்டம்தானேன்னு கோட்டை கலைக்கப்பட்டதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கீழ வச்சவுடனே மிச்சம் பதினோரு பேரும் துப்பாக்கியைப் போட்டுட்டு, ஒருத்தர் முதுகை ஒருத்தர் தள்ளிக்கிட்டு, சந்தை கலைஞ்சு வீட்டுக்குப் போற அவசரத்துல வாசலைத் தாண்டினாங்க. தெயோதோரா தன்னோட புருஷன் பின்னாலயே ஓடி, "நில்லுய்யா, நில்லு"ன்னு கத்திட்டு, திரும்பி வந்து என்னைக் கன்னத்துல அறைஞ்சா. நான் கன்னத்தைக் காட்டிக்கிட்டு நின்னேன். அன்னிக்குச் சாயங்காலம் பன்னிரண்டு குழியையும் மண்ணு போட்டு மூடினோம். அன்னிக்கு ராத்திரி ஊரே அடிச்சுப்போட்ட மாதிரித் தூங்குச்சு, எழுந்தப்ப எல்லார் கையிலயும் காலுலயும் பழைய தெம்பு இருந்துச்சு, அந்தத் தெம்பை வச்சுத்தான் மூட்டை கட்டினோம்.

அஞ்சாவது தடவையா கதவு, நிலை, கோயில் மணி. தொமாசாவும் அவ சனமும் எங்ககூட வரலை, வரணும்னு நாங்களும் கேக்கலை, அவங்க சோளக்கொல்லையில நின்னு நாங்க போறதைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. வழியில யாரும் என்கூட அடுப்பைப் பகிர்ந்துக்கலை. நான் தண்ணி குடிச்ச குவளையைக் கழுவிட்டுத்தான் அடுத்தவங்க குடிச்சாங்க. ஒன்பதாம் நாள் கேப்டனோட பிள்ளைக்கு வயித்துப்போக்கு, பத்தாம் நாள் போயிடுச்சு. குழியை நான் தோண்டுறேன்னு போனேன். கேப்டன் என் கையிலேர்ந்து மண்வெட்டியை வாங்கிக்கிட்டு அவரே தோண்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டலை, திட்டியிருந்தா நான் இன்னிக்கு இதைக் கொஞ்சம் லேசா சொல்லியிருப்பேன்.

பதிமூணாம் நாள் காலையில, காஞ்சுபோன ஒரு ஓடைக்கரையில, பதினெட்டுப் பேரை வாசிச்சேன். பதினெட்டுக் குரல் வந்துச்சு. கூட்டம் கலைஞ்சு மூட்டையைத் தூக்கப் போச்சு, ரொமால்டா மட்டும் போகாம நின்னா. அந்தப் பதிமூணு நாளும் எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவ அவ ஒருத்திதான்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"ஒரே ஒரு தடவை அவர் பேரை வாசியேன்."

அவளைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேக்கலை. பட்டியலை விரிச்சேன், அடிச்ச கோட்டுக்கு அடியில பேர் தெரிஞ்சுது, நாக்கு வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன், கல்லும் முள்ளும், தண்ணியே இல்லாத பொட்டல்.

"வாசிச்சா வந்துடுவான் ரொமால்டா. பதிமூணு நாள் வழி. நடந்தே வந்துடுவான்."

அவளும் அந்த வழியைப் பார்த்தா.

"ஆமா, வந்துடுவார்"ன்னா. "கால்ல செருப்புகூட இல்லை அண்ணே. புதைக்கிறப்ப நாமதானே கழட்டிக்கிட்டோம்."

குனிஞ்சு மூட்டையைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா.